கூரைப் புடவையில் விழுந்த வெட்டு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு பொருள். மற்றதெல்லாம் கற்பனை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் காவாந்தண்டலத்துக்குப் போய், பாஞ்சாலி வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் பாதித் தூக்கம். வழியில் பஸ் எதற்கோ நின்றது. சாலையோரத்து வேலியின்மேல் ஒரு போர்வையைக் காயப் போட்டிருந்தார்கள். பழைய புடவை, வேட்டி எல்லாவற்றையும் அடுக்கடுக்காக விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தையல் ஓட்டிச் செய்கிற போர்வை. அந்தப் பக்கத்தில் அது இல்லாத வீடு இருக்காது. ஆனால் இதில் மேல் துணி அரக்குச் சிவப்பில் பட்டு. அந்தப் பட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வெளுத்துப்போன பச்சை நூல்புடவைத் துண்டு. தையல் எல்லாம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே திசையில் ஓடிவந்தது. பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டது.

பஸ் கிளம்பிவிட்டது.

யாரோ அந்தப் பட்டை வெட்டிவிட்டார்கள், யாரோ அதை மூடியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. பட்டுக்கு ஏன் நூல்துணி? வெட்டியவரும் மூடியவரும் ஒருவரேதானா? காஞ்சிபுரம் வருவதற்குள் ஒரு பெண்ணின் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்துவிட்டால் அப்புறம் ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது.

2

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

அம்முலுவுக்கு மறுகல்யாணம் என்று கேள்விப்பட்டதும் ஊரே— (ஊரே என்று எழுதினால் ஒருவர்கூட இல்லை என்றுதான் அர்த்தம்.)

எல்லப்பன் செத்துப்போன வருஷம் மழை— (செத்தவனிடமிருந்து ஆரம்பித்தால் கதை அவன் பின்னாலேயே போய்விடும். போகத்தான் போகிறது, முதல் வரியிலேயே போக வேண்டுமா?)

கத்தரிக்கோல்— (இதற்குமேல் வரவில்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

காவாந்தண்டலத்தில் பாஞ்சாலி என்று ஒருத்தி. நாற்பது வயதுக்காரி, கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் வரதன். பிள்ளை கிடையாது. அவளுக்கு ஒரே தம்பி எல்லப்பன். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்துபோனான். அவன் பெண்டாட்டி அம்முலு, தாய்வீட்டில் யாரும் இல்லாததால், நாத்தனார் பாஞ்சாலி வீட்டோடு வந்துவிட்டாள். நாலைந்து வருஷமாக இருவரும் ஒன்றாகக் களைபறித்தார்கள், ஒன்றாகக் கஞ்சி குடித்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் பாய்போட்டுப் படுத்தார்கள். அம்முலு தூக்கத்தில் சிரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டு முழித்துக்கொண்டு, அவள் என்ன கனவு காண்கிறாளோ என்று பாஞ்சாலி இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது ஏனாத்தூர் அரிசி மில்லில் வேலைசெய்கிற வேதகிரி, பெண்டாட்டியை இழந்தவன், அம்முலுவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். அம்முலு யோசித்துச் சரி என்றாள்.

பாஞ்சாலி அன்றைக்கு அடிபம்பு அடியில் குடத்தை வைத்துவிட்டு, கூடக் களைபறிக்க வருகிற செல்லாயியும் இன்னும் சில பேரும் நிற்கும்போது, தன் தம்பி எடுத்துக் கொடுத்த புடவையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறவளைத் தடுக்கத் தான் யார் என்று கேட்டுவிட்டாள். சொன்ன சொல் குடத்துக்கு முன்னால் வீடுவந்து சேர்ந்தது. அம்முலு உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் பாஞ்சாலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் தானாகவே சொன்னாள், நீ போகும்போது எடுத்துக்கொண்டுபோக ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்று.

அம்முலு எல்லப்பனின் வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டாள். ஒரு லுங்கி, தன்னுடைய நைந்த புடவைகள். கடைசியில் பெட்டியைத் திறந்து கூரைப் புடவையை எடுத்து வந்தாள். எல்லப்பன் தாலி கட்டும்போது அவள் உடுத்தியிருந்தது. நெசவில் ஒரு பிசகு விழுந்து விலை குறைந்ததால் அவர்கள் கைக்கு எட்டிய காஞ்சிப் பட்டு.

"இத்தயும் வச்சி தச்சிடு அண்ணி," என்றாள் அம்முலு. "பொட்டியில வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன். போத்திக்கினா ஒடம்பு மேலயாவது கெடக்கும்."

3

வீட்டுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். சித்திரையில் அது பூ உதிர்க்கிற காலம். சாணம் மெழுகிய தரையில் துணிகளை விரித்துவைத்தால் போதும், பொரி கொட்டினமாதிரி பூ வந்து விழும். பாஞ்சாலி தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அடுக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் பூவும் சேர்ந்தே தைபட்டது.

அம்முலு மாகறல் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தாள். வரதன் மாட்டுக்குத் தண்ணீர்காட்ட ஆற்றுக்குப் போயிருந்தான். மத்தியானம். காக்காகூடக் கத்தவில்லை.

அடியில் அம்முலுவின் நைந்த புடவைகள், அதன்மேல் வேட்டிகள், அதன்மேல் லுங்கி, எல்லாவற்றுக்கும் மேலே பட்டு. சுற்றிலும் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்தியாயிற்று. பாஞ்சாலி கையால் நீவிப் பார்த்தாள். நடுவில் ஓர் இடத்தில் மேடு தட்டியது. உள்ளே லுங்கியின் ஒரு முனை சுருட்டிக்கொண்டு கிடந்தது. அதை நறுக்கி எடுத்துவிட்டால் சமமாகிவிடும். ஓரத்துத் தையலைக் கொஞ்சம் பிரித்து, கத்தரிக்கோலோடு கையை உள்ளே விட்டாள். கண்ணுக்குத் தெரியாத வேலை. பட்டுக்கு அடியில் தன் கை ஒரு எலிக்குஞ்சு மாதிரி நகர்ந்து போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தபோதே கண் செருகியது.

பட்டு அசைந்தது. அது பட்டா, ஏரித் தண்ணீரா என்று தெரியவில்லை. சாயங்கால ஏரி அந்த நிறத்தில்தான் இருக்கும். அவள் ஏரி நடுவில் உட்கார்ந்திருந்தாள்; நனையவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக மூச்சுவிட்டது. அடியில் ஏதோ ஊர்ந்து வந்தது. சின்ன வயதில் அம்மா புடவையைத் தரையில் விரித்துக் காயப் போட்டால், எல்லப்பன் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே வருவான். அவள் புடவைமேல் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்வாள்.

"அக்கா, கால எடு. நானு அடியில கீறேன்."

பாஞ்சாலி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். கை விசுக்கென்று மேலே போனது. கத்தரிக்கோல் மூடிக்கொண்டது.

ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அரக்குச் சிவப்பின் நடுவிலிருந்து கத்தரிக்கோலின் மூக்கு எட்டிப் பார்த்தது.

4

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் வேண்டுமென்றே வெட்டினாளா? எழுதுவது நான்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லோர் முன்னாலும் அப்படி ஒரு சொல்லைச் சொன்னவள், அடுத்த வாரமே அந்தப் புடவையை வெட்டியிருக்கிறாள். கை தூங்கியபோது மனசு முழித்துக்கொண்டிருந்ததோ?

அவள் வேண்டுமென்றே வெட்டுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். 'பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு'— என்று வந்தது. அந்தப் பல் பாஞ்சாலியுடையது இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். துணியைவிடக் காகிதம் கிழிப்பது சுலபம். யாரும் வந்து கேட்பதில்லை.)

5

வெட்டு அரிவாள்போல வளைந்து, ஒரு கையகலத்துக்கு விழுந்திருந்தது. பட்டு வெட்டுப்பட்டால் சும்மா இருக்காது. ஓரத்து இழைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து பிசிறுகட்ட ஆரம்பிக்கும். பாஞ்சாலி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ரத்தம் வருகிற இடத்தை அழுத்துவதுபோல. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, வரதன் வந்து நின்றது தெரியவில்லை.

வரதன் நல்லவன், எதையும் வளைத்துப் பேசத் தெரியாதவன். பார்த்ததும் சொல்லிவிட்டான். இனிமேல் நீ எந்தக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அடிபம்பில் நீ பேசியதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். கூரைப் புடவை வெட்டுப்படுவது சகுனத்துக்கு ஆகாது. வேதகிரி வீட்டுக்காரர்கள் காதுக்குப் போனால் கல்யாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்கள். அதோடு, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடு என்று வழியும் சொன்னான்.

"எலி கத்திரி மாரி கடிக்குமா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

வரதன் யோசித்துப் பார்த்துவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டான்.

அவள் ஓரத்துத் தையலை எல்லாம் பிரித்து, பட்டை மட்டும் தனியாக எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் அறுந்த இழைகளை முடிந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பழக்கத்தில், புடவையின் உள்முனையிலிருந்து, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, பட்டு இழைகளை உருவினாள். வெட்டுக்கு அடியில் வேட்டித்துண்டு ஒன்றை வைத்து அசையாமல் நிறுத்தினாள். வெட்டின் இரண்டு ஓரங்களையும் கிட்டே கொண்டுவந்து, உருவிய இழையை ஊசியில் கோத்து, ஒன்றுவிட்டு ஒன்று, மேலே ஒன்று அடியில் ஒன்றாக நுழைத்து இழுத்தாள். நீளவாட்டில் பாவு இழை போகிற வழியில் பாவு, குறுக்கே ஊடை போகிற வழியில் ஊடை. இரண்டு முனைகளிலும் நன்றாகவே மூடிக்கொண்டு வந்தது. கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் வெட்டா, மடிப்பின் நிழலா என்று தெரியாது.

நடுவில்தான் சேரவில்லை. வளைவின் வயிற்றில் பட்டு ஏற்கெனவே நைந்து அவிழ்ந்துவிட்டிருந்தது. இழுத்தால் பக்கத்து இழையும் கூடவே வந்தது. இன்னும் இழுத்தாள். ஓட்டை பெரிதானது.*

* நானாக இருந்தால் இங்கே நிறுத்தியிருப்பேன். அவள் நிறுத்தவில்லை. இதே பத்தியில் நான் எத்தனை சொற்களை இழுத்து இழுத்து ஓட்டையைப் பெரிதாக்கினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

6

அம்முலு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முந்தானையில் கொஞ்சம் கடலை முடிந்திருந்தாள். பாஞ்சாலிக்குப் பச்சைக்கடலை பிடிக்கும். அவிழ்த்துக் கொடுக்கக் குனிந்தவள், பட்டைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது?"

எலி என்ற சொல் பாஞ்சாலியின் நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்திருந்தது. "கத்திரி பட்டுட்ச்சி," என்றாள்.

அம்முலு பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி என்று கேட்டாள். பாஞ்சாலி எல்லாவற்றையும் சொன்னாள். லுங்கி முனை சுருண்டது, கையை உள்ளே விட்டது, கண் செருகியது, ஏரி. தம்பி குரல் கேட்டது என்று சொல்லும்போது அவளுக்கே அது பொய்யாகப் பட்டது. தப்பித்துக்கொள்ளச் செத்தவனை இழுக்கிறேன் என்று நினைக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே சொல்லி முடித்தாள்.

அம்முலு திட்டவில்லை. அழவும் இல்லை. ஓட்டையில் விரலை விட்டு அடியில் இருந்த வேட்டித்துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

(நான் இங்கே அவளை அழவைத்து ஒரு வடிவம் எழுதினேன். கோபப்படவைத்து ஒன்று. இரண்டிலும் அவள் எனக்காக நடித்தாள். இரண்டையும் விட்டுவிட்டு, அவள் தானாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் அவள் சொன்னது நான் யோசித்தே பார்க்காதது.)

"அவுரு கொரலு எனக்கு மறந்து போச்சி அண்ணி."

பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூஞ்சி ஞாபகம் கீது. நடக்கறது ஞாபகம் கீது. கொரலு மட்டும் எங்க போச்சின்னு தெர்ல. யாராண்ட போயி கேக்கறது?" ஓட்டையிலிருந்து விரலை எடுத்தாள். "எப்பிடி கூப்ட்டாரு, சொல்லு."

பாஞ்சாலி சொல்லிப் பார்த்தாள். அவள் குரலில்தான் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். எல்லப்பன் அக்கா என்று சொல்லும்போது நடுவில் அழுத்தி, கடைசியைத் தூக்கி விட்டுவிடுவான். கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் மூக்கிலும் வரும், எப்போதும் சளி பிடித்தவன்போல. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கால எடு. நானு அடியில கீறேன்."

புங்கம்பூ விழுந்துகொண்டிருந்தது. அம்முலுவும் கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொருவாட்டி," என்றாள்.

பாஞ்சாலி இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை குரல் இன்னும் கிட்டே வந்துவிட்டது. இரண்டு பேரும் சட்டென்று கண்ணைத் திறந்து, போர்வைக்கு அடியில் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்கள். அங்கே எறும்பு போய்க்கொண்டிருந்தது.

7

ஓட்டை அப்படியேதான் இருந்தது.

இழை போட்டு மூடுகிற கட்டம் தாண்டிவிட்டது, மேலே ஒட்டுப்போட வேண்டும் என்றாள் பாஞ்சாலி. எந்தத் துணியில்? அம்முலு எழுந்து உள்ளே போனாள். வேதகிரி வீட்டிலிருந்து வந்திருந்த புதுப் புடவையின் ரவிக்கைத் துணியோடு திரும்பிவந்தாள். அதுவும் சிவப்புத்தான், பளிச்சென்ற சிவப்பு.

பாஞ்சாலி பதறிப்போனாள். உடுத்தாத கல்யாணத் துணியில் கத்தரி வைக்கக் கூடாது, ஒரு வெட்டே போதாதா என்றாள். அம்முலு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, மூலையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தாள். 

இந்த இடம் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பழைய கூரைப் புடவையின் ஓட்டையைப் புதுக் கூரைப் புடவையின் துணி மூடுகிறது! இதைவிட ஒரு முடிவு வேண்டுமா? கதையை முடித்துவிட்டேன் என்றே எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன். பாதிக் காபியில்தான் உறைத்தது. அந்த வருஷங்களில் கல்யாணத்துக்கு என்று ஆசையாக எடுத்துக் கொடுத்த துணி என்னவாக இருந்திருக்கும்? நைலெக்ஸ் என்கிற நைலான் துணி.

நைலெக்ஸ் யார் பேச்சையும் கேட்காது. ஓரத்தை உள்ளே மடித்தால் வெளியே வந்தது. ஊசி ஏறினால் வழுக்கியது. பாஞ்சாலி பித்தளைச் சொம்பில் நெருப்புத்துண்டுகளைப் போட்டு, மடிப்பை அழுத்திப் படியவைக்கலாம் என்று சொம்பின் அடியை அதன்மேல் வைத்தாள். புகை வந்தது. சதுரம் சுருண்டு, குறுகி, கருகி, சொம்பின் அடியில் ஒட்டிக்கொண்டது. ரப்பர் எரிகிற நாற்றம்.

இரண்டு பேரும் சொம்பைப் பார்த்தார்கள். அம்முலுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாஞ்சாலிக்கு. என்ன நாற்றம் என்று எட்டிப் பார்த்த வரதன், பொம்பளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு திரும்பிப் போய்விட்டான்.

(ரவிக்கை அப்புறம் தைத்தார்கள். கை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில், அது புது பேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.)

8

சிரித்து ஓய்ந்ததும் பாஞ்சாலி தான் கட்டியிருந்த புடவையின் முந்தானையை எடுத்துப் பார்த்தாள். பச்சை நூல்புடவை. வயலுக்கென்றே கட்டுவது. சேற்றிலும் சோற்றுக்கஞ்சியிலும் தோய்ந்து, பிழிந்து, காய்ந்து, கடைசியில் பச்சை என்று அவள் சொன்னால்தான் பச்சை என்று தெரியும். ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இழையோடு இழையாக நேராகக் கிழிந்து வந்தது. கத்தரிக்கோல் வேண்டியிருக்கவில்லை.

அது வேண்டாம் என்று அம்முலு சொல்லவில்லை. நன்றாயிருக்குமா என்று பாஞ்சாலியும் கேட்கவில்லை. பட்டின்மேல் அதை வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒவ்வவே இல்லை. ஆனால் அது வழுக்கவில்லை; வைத்த இடத்தில் இருந்தது. ஓரத்தை விரலால் மடித்தால் மடிந்தது.

அடுக்குகளை மறுபடி ஒழுங்காக விரித்தார்கள். மேலே பட்டு, பட்டின்மேல் பச்சை. கனத்த இடமானதால் ஊசி ஒருத்தி கைக்கு மசியவில்லை. பாஞ்சாலி மேலேயிருந்து குத்த, அம்முலு போர்வைக்கு அடியில் கையை விட்டு ஊசியை வாங்கி இழுத்து, பக்கத்தில் மேலே குத்தி அனுப்பினாள். ஒருத்தி கையை மற்றவள் பார்க்க முடியாது. ஊசி போகும், கொஞ்சநேரம் காணாமல் போகும், வரும். வெட்டின் இரண்டு பக்கமும் ஒதுங்கி, அந்த இடத்தை நெருக்காமல், சுற்றிச் சுற்றித் தையல் ஓடியது.

பச்சைத் துண்டைச் சுற்றி ஒரு வட்டம் முடிந்திருக்கும். பாஞ்சாலி பேசினாள்.

"அம்முலு, நான் வேணும்னு வெட்டல."

"ம்."

"ஆனா வெட்டு வுழுந்தத பாத்தப்போ, ஒரு நிமிசம் சந்தோசமா இருந்திச்சி. இத்தோட கண்ணாலம் நின்னுடும்னு நெனச்சிக்கினேன்."

ஊசி அடியில் போயிருந்தது. மேலே வரவில்லை. பாஞ்சாலி ஒரு கையில் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துணிக்கு அடியில் அம்முலுவின் கை அசையாமல் இருந்தது. அங்கே ஒரு கை இருக்கிறது என்பதே தெரியவில்லை.

"நின்னுட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"உன்ன என்னாண்டயே வச்சிக்கினு இருந்திருப்பேன்."

கொஞ்சநேரம் கழித்து ஊசி மேலே வந்தது.*

* அந்தக் கொஞ்சநேரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாஞ்சாலியின் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. போர்வையின் மறுபக்கத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று ஆசையாக இருந்தது. அம்முலு விடவில்லை.

9

கல்யாணம் நிற்கவில்லை. மாகறல் கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். பாஞ்சாலி தாய்வீட்டு இடத்தில் நின்று அட்சதை போட்டாள். பஸ் ஏறும்போது அம்முலு போர்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பாஞ்சாலியைப் பார்த்து, உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணி என்றாள். எல்லோரும் சொல்வதுதான். 

பாஞ்சாலிக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. தான் வேண்டுமென்றே வெட்டவில்லை என்று சொன்னதை அம்முலு நம்பினாளா? கேட்டிருக்கலாம். கேட்டால் நம்பினேன் என்றுதான் சொல்லுவாள். அந்த நம்பினேன் பாஞ்சாலிக்கு வேண்டியிருக்கவில்லை.

களையெடுக்கப் போனால் பக்கத்து வரிசை காலியாக இருந்தது. செல்லாயி நகர்ந்து வந்து நின்றுகொண்டாள். செல்லாயிக்குப் போர்வை விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. அவள் சொன்ன விதத்தில் பாஞ்சாலி தம்பி பெண்டாட்டி மேல் இருந்த ஆங்காரத்தில் கூரைப் புடவையைக் குத்திக் கிழித்திருந்தாள். அந்தக் கதையில் ஏரி இல்லை, குரல் இல்லை. என்னுடையதைவிட நல்ல கதை; ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதனால் அது பஸ் ஏறி ஏனாத்தூருக்கே போய்விட்டது.

ஆடி பிறந்தது. பாஞ்சாலி ஒரு மூட்டைப் பச்சைக்கடலையும் ஒரு ரவிக்கைத் துணியும் (நூல்துணி) எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக அம்முலுவைப் பார்க்கக் கிளம்பினாள். காஞ்சிபுரத்தில் இறங்கி, பஸ் மாறி, ஏனாத்தூரில் விசாரித்துக்கொண்டு நடக்கிறாள்.

அதே காலை, வேதகிரி வேலைக்குப் போகாத நாள். அம்முலு போர்வையை உதறி வெயிலில் போடப் போகிறாள். வேதகிரி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்க்கிறான். மோசமான ஆள் இல்லை. கொஞ்ச நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிடுகிறான்.

"அந்தப் பச்ச ஒட்டு... உன் நாத்தனாரு வேணும்னே வெட்டிட்டாங்கன்னு சொல்றாங்களே. நெசமா?"

அவன் கேட்டதில் விஷமம் இல்லை. ஆனால் இவள் சொல்லப்போவதை வைத்துத்தான், இன்னும் கொஞ்சநேரத்தில் வாசலுக்கு வரப்போகிறவளுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பது முடிவாகும். தண்ணீர் கொடுக்கிற இடமா, சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழுந்து போகிற இடமா என்று.

அம்முலுவுக்காக நான் சில பதில்கள் எழுதிவைத்திருந்தேன். 'கத்தரி பட்டுடுச்சி' என்று ஒன்று. அது உண்மை, ஆனால் யார் கையில் என்பதைச் சொல்லாது. 'தூக்கத்துல பட்டுச்சாம்' என்று ஒன்று. அந்த 'ஆம்' எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 'ஒரு நிமிசம் சந்தோசப்பட்டாங்க' என்று ஒன்று. அதுவும் உண்மை. அதைச் சொன்னால் வேதகிரிக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றாது. 'அந்தத் துணி எங்கண்ணி கட்டிக்கினு இருந்தது' என்று மட்டும் சொல்கிற பதில் ஒன்று. எதை எடுத்துவைத்தாலும் அது என் குரலில்தான் வருகிறது.

அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அவள் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். அண்ணியையும் பார்த்துவிட்டீர்கள், அந்தத் துணியையும் பார்த்துவிட்டீர்கள். ஊசி அடியில் நின்ற அந்தக் கொஞ்சநேரம் உங்களுக்கு என்னவென்று தோன்றியதோ அதை வைத்துச் சொல்லுங்கள்.

அம்முலு போர்வையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். வேதகிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தெருமுனையில் பாஞ்சாலி ஒருவரிடம் வழி கேட்டாள். அவர் இந்த வீட்டைத்தான் கைகாட்டினார். வந்துகொண்டிருக்கிறாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். வாசல் படலில் கை வைத்துவிட்டாள்.